குறை சொல்லாத அடுக்கி

மரகதவல்லியின் கணினி வட்டு ஒரு காலத்தில் கரகரவென்று இருமியது அடுக்கிக்கு இன்னும் நினைவிருந்தது. சிதறிய கோப்புகளை ஒழுங்காக அடுக்கி அந்த இருமலை நிறுத்திய நிரல் அதுதான்.

இன்று மரகதவல்லி, புதிதாக வந்த துடைப்பான் என்ற நிரலையும் அடுக்கியையும் ஓட்டிப் பார்த்து, ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளப் போகிறாள்.

“ஐயய்யோ, எண்ணூறு பிழை!” என்று சிவப்பு எழுத்தில் அலறியது துடைப்பான். பிறகு அடுக்கியிடம் கிசுகிசுத்தது: “நீரும் ஏதாவது குறை சொல்லுங்காணும். சும்மா இருந்தா வீட்டுக்கு அனுப்பிடுவா.”

“இல்லாத குறையையா?”

“இருக்கிறதைச் சொன்னா யாருய்யா பயப்படுவா?”

அடுக்கி வட்டின் மூலைமுடுக்கெல்லாம் தேடிப் பார்த்தது. “எல்லாம் நல்லா இருக்கும்மா,” என்றது.

“இது ஒரு வேலையும் செய்யறதில்ல,” என்றாள் மரகதவல்லி.

மறுநாள் துடைப்பான் ஆயிரம் பிழை கண்டது. அடுக்கியை அவள் முந்தின மாலையே நீக்கியிருந்தாள்.