தூக்கிய கைகள்

"நடுவுல முதுகைக் காட்டிக்கிட்டு, கையைத் தூக்கிட்டு நிக்கிறது நீங்கதானேம்மா?"

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் கடைத் தொழிலாளர் சங்கத்தின் பொன்விழா. சுவரில் மாட்டியிருந்த பழைய படத்தைக் காட்டிக் கேட்டான் செயலாளர் லுவாசி. சங்கக் கொடியிலும் அதே படம்தான்.

"நான்தான்ப்பா," என்றாள் தொகோசிலே. சங்கம் தொடங்கியவர்களில் அவள் ஒருத்திதான் மிச்சம்.

"ஜெயிச்ச அன்னிக்கு எடுத்ததா? முகம் தெரியாட்டியும் என்ன ஒரு உற்சாகம்!"

அவள் படத்திலிருந்து கண்ணை எடுத்துவிட்டு மேடைக்கு நடந்தாள்.

மேடையில் எல்லோரும் படத்தில் இருப்பதுபோலவே கைகளை உயர்த்திக் கோஷமிட்டார்கள். அவளும் உயர்த்தினாள். முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் திரும்பிப் பார்த்தாள், சுவர்தான் இருந்தது.

விருந்து முடிந்து லுவாசி அவளைப் பின்வாசல் வழியே காருக்கு அழைத்துப் போனான். அங்கே சமையல் பெண்கள் கைகளைத் தூக்கியபடி வரிசையில் நின்றார்கள். காவல்காரி ஒவ்வொருத்தியின் இடுப்பையும் தடவிப் பார்த்து வெளியே விட்டாள்.

"என்னடா இது?"

"கறியும் கரண்டியும் காணாமப் போகுதும்மா. சங்கத்துச் சொத்தாச்சே! நீங்க வாங்க, உங்களை யாரு தொடப்போறாங்க?"

தொகோசிலே வரிசையின் கடைசியில் போய் நின்றாள். கைகள் தாமாகவே மேலே போயின.

"அம்மா, என்ன பண்றீங்க?"

"அந்தப் படத்துல நான் நிக்கிறது இப்படித்தாண்டா. கடை மூடுற நேரத்துல, சோதனைக்கு."