ஏழாம் நம்பர் எந்தக் கரையில்?

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதீங்க, ஹைரியா! எங்க மீனை உங்க ஆளுங்க தின்னுட்டாங்க. அவ்வளவுதான்."

மிலுடின் ஃபோனில் கத்திய கத்தலில் ஆற்றோர அளவீட்டுக் குடிசையின் ஜன்னல் அதிர்ந்தது. ஃபோனே தேவைப்பட்டிருக்காது. ஹைரியாவின் குடிசை த்ரீனா ஆற்றின் எதிர்க்கரையில்தான் இருந்தது. நாடுதான் வேறு.

"உங்க மீனா? அது பாஸ்போர்ட்டா வச்சிருக்கு?" என்றாள் ஹைரியா. "அன்னிக்கு வாலைப் பிடிச்சது நான். மறந்துடுச்சா?"

"வயித்தைத் தைச்சது நான்! நீல நூல்ல, ஒன்பது தையல்!"

"அது தையலா? கோணி தைக்கிறவன் பார்த்தா அழுவான்."

ஆற்றின் நீர்மட்டத்தையும் மீன்களின் நடமாட்டத்தையும் இரண்டு நாடுகளும் ஒன்றுக்கொன்று தெரிவிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அதன்படி பன்னிரண்டு பெரிய மீன்களின் வயிற்றில் இரு கரைப் பெட்டிகளுக்கும் 'பீப்' அனுப்பும் விரல் நீள ரேடியோக் கருவியை வைத்துத் தைத்து, இருவரும் சேர்ந்து ஆற்றில் விட்டார்கள். பதினொன்று செத்துப் போய்விட்டன. மிஞ்சியது ஏழாம் நம்பர் மட்டும். வசந்தத்தில் அது முட்டையிட்டால் திட்டம் பிழைக்கும். அந்த ஏழாம் நம்பரின் கருவி திங்கட்கிழமை மாலையிலிருந்து மூச்சுவிடவில்லை.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. இங்கே கோழி காணாமல் போனாலும் சரி, கோவில் மணி காணாமல் போனாலும் சரி, அது அக்கரையில்தான் இருக்கும். எட்டு வருடம் மீனைப் பற்றியே படித்துப் பட்டம் வாங்கிய மிலுடினுக்கும் அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை.

"அங்க என்ன சத்தம், பீப் பீப்னு?" என்று கேட்டாள் ஹைரியா.

"எங்க ரேடியோப் பெட்டி. காலையிலேருந்து கெட்டுப்போய் அலறுது. ஏழாம் நம்பர் என் மடியில வந்து உட்கார்ந்தாக்கூட இவ்வளவு சத்தம் வராது. மலிவா டெண்டர் விட்டா இப்படித்தான்." மிலுடின் தன் கோட்டைக் கழற்றிப் பெட்டியின் மேல் போட்டு மூடினான்.

"கோபத்துல இருக்கீங்க. நாளைக்குப் பேசுவோமா?"

"நாளைக்கா? நாளைக்கு எங்க வீட்டுல நிக்கோலா திருநாள். முப்பது பேர் வர்றாங்க!"

உண்மைதான். அது நோன்புக் காலம், இறைச்சி கூடாது. மேஜையில் மீன் இல்லாவிட்டால் புனித நிக்கோலா மன்னித்தாலும் மாமியார் மன்னிக்க மாட்டாள். நல்லவேளை, அன்று காலை எட்டு மணிக்கு மாமனாரே குடிசைக்கு வந்து மெழுகுவத்தி, வைன், அக்ரூட், கோணியில் சுற்றிய மீன் எல்லாவற்றையும் அங்கிருந்த மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனார். "கெண்டை, மாப்பிள்ளை. பிரிக்காதே. நாளைக்கு அத்தை வந்து பார்த்துக்குவா" என்றார். மூன்று கிளாஸ் உள்ளே போகாமல் எழுந்திருக்காத மனிதர், காப்பிகூட வேண்டாம் என்று ஓடினார். விட்டது சனி என்று மிலுடினும் கதவைச் சாத்திக்கொண்டான்.

"கேட்டுக்குங்க, ஹைரியா. கடிதம் எழுதி வச்சிருக்கேன். நீங்க மீன் கணக்கை மறைச்சா, ஜனவரியிலேருந்து நாங்க நீர்மட்டத்தைச் சொல்ல மாட்டோம்."

"அடப்பாவி! வெள்ளம் வந்தா எங்க உருளைக்கிழங்கு வயல் மொத்தமும் போயிடும். ஒரு மீனுக்காகவா?"

"ஒரு மீன் இல்லை. கடைசி மீன்! இதோ, அனுப்பிட்டேன். ரெண்டு நாட்டு மந்திரிக்கும்."

 ஹைரியா, "எனக்கு மறைக்க என்ன இருக்கு, ஐயா? எங்க பெட்டியில பதிவானது அத்தனையும் அனுப்பியிருக்கேன். படிச்சுப் பாருங்க" என்றாள். அவள் 'ஐயா' போட்டால் ரொம்பப் புண்பட்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

மிலுடின் கம்ப்யூட்டரில் திறந்து படித்தான். திங்கள் மாலை நான்கு மணி வரை ஏழாம் நம்பர் அவனுடைய கரை மடுவில்தான் இருந்திருக்கிறது. பிறகு மூன்று நாள் சத்தமே இல்லை. இன்று காலை எட்டு ஐந்துக்கு மறுபடியும் வந்திருக்கிறது. திசை: மிலுடினின் குடிசைக்கு நேர்.

"உயிரோட இருக்கா! ஹைரியா, நம்ம பொண்ணு உயிரோட இருக்கா!"

அவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. கோட்டை உதறிவிட்டு, ஒரு கையில் ரேடியோப் பெட்டி, மறு கையில் ஏரியல், தோளுக்கும் காதுக்கும் நடுவில் ஃபோன் என்று பனியில் ஆற்றை நோக்கி ஓடினான்.

பத்தடி போனதும் சத்தம் குறைந்தது. தண்ணீருக்கு அருகே போனதும் முனகலாகிவிட்டது. ஏரியலைத் திருப்பினான். பின்னால் நடந்தான். சத்தம் கூடியது. குடிசை வாசலில் பெட்டி அலறியது. உள்ளே மேஜைக்கு அருகில் போனதும் காது கிழிந்தது.

மிலுடின் மெதுவாக மண்டியிட்டுக் குனிந்தான்.

"என்ன ஐயா, சத்தத்தையே காணோம்?" என்றாள் ஹைரியா. "பூசணிக்காய் கிடைச்சுதா?"

அவன் கோணியைப் பிரித்தான். கெண்டையாவது ஒன்றாவது! நீல நூல், ஒன்பது தையல். எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"கிடைச்சுது" என்றான் மிலுடின், ஈனக் குரலில். "சோறுதான் இன்னும் வடிக்கலை."