பச்சை ஒயர்

வரதன் தன்னுடைய மலிவு விலை ஆம்ப்ளிஃபயரில் கிடாரைச் செருகினால் போதும், ‘ஙொய்ய்ய்’ என்று கிளம்பும் இரைச்சலுக்கு எண்ணூரில் நிற்கிற கப்பல் பதிலுக்கு ஹாரன் அடிக்கும்.

“இன்னா பாய், ஒரே வாரத்துல மூணாவது தபா!” காலடிப்பேட்டை மெக்கானிக் முதஸ்ஸிரிடம் பொங்கினார் வரதன். “நாளைக்குப் பொண்ணு ரிசப்ஷன். ரெண்டு மணி நேரம் நான்தான் கிடார். இந்த எரைச்சலோட மேடை ஏறவே மாட்டேன்!”

“மனுசன் சோறுகூட துன்னல பாய்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் மனைவி அம்மு.

முதஸ்ஸிர் ஒயரைப் புரட்டிப் பார்த்தார். “மறுபடியும் எர்த்து ஒயரு அறுந்துகீதுண்ணே. அது இல்லாங்காட்டி எரையத்தான் செய்யும்.”

“எலி பாய்! எங்க வூட்டு எலி பூனையவே தொரத்தும்.”

“மூணு ஒயருல பச்சைய மட்டும் கரெக்டா கடிக்குதே!”

புது ஒயர் போட்டதும் இரைச்சல் சுத்தமாக நின்றது. குஷியில் வரதன் அங்கேயே ஒரு பாட்டு வாசித்தார். எதிர் டீக்கடையில் நின்ற எட்டுப் பேரும் கிளாஸோடு ஓடிப்போனார்கள். வாசித்து முடித்துவிட்டு வரதன் ஆட்டோ பிடிக்கப் போனார்.

முதஸ்ஸிருக்கு வேர்த்துவிட்டது. “அக்கா, இத்தினி நாளா அந்த எரைச்சல்ல அண்ணன் வாசிப்பு எனக்குக் கேக்கவே இல்ல...”

“இப்ப கேட்டுட்டீங்கல்ல?” அம்மு கைப்பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தாள். “எலியக் காட்டிக் குடுத்துடாதீங்க பாய்.”

முதஸ்ஸிர் அதைப் பிடுங்கிக்கொண்டார்.

“நீங்க இருங்கக்கா, நானே அறுக்குறேன். எனக்கும்தானே பத்திரிகை வெச்சிகீறீங்க!”