மார்க்கரில் ஒரு பெயர்

எபாக்சி பிசினில் ஃப்ளோரின் சேர்மத்தைச் சரியாகக் கலந்துவிட்டால் அதன்மேல் எதுவும் ஒட்டாது. தண்ணீர் உருண்டோடும், எண்ணெய் வழுக்கும், மார்க்கர் மைகூடத் துடைத்தால் போய்விடும். மூன்று வருடமாக அந்த ஆய்வகத்தில் யாருக்கும் கைகூடாததைத் தான் செய்துவிட்டதாகச் சொன்னான் ஆய்வு மாணவன் சேந்தன். அறிக்கையின் எண்கள் அத்தனையும் அழகு. பேராசிரியர் அமலோற்பவம் கையெழுத்திட வேண்டியதுதான் பாக்கி. அவரோ அந்தப் பிசினில் வார்த்து அவன் கொண்டுவந்த காசளவு வில்லையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் நடுவில் மார்க்கரில் அவன் பெயர்.

“நீயா எழுதினே?”

“ஆமா மேடம். வேற சாம்பிளோட மாறிடக் கூடாதுல்ல.”

பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஈரப்பஞ்சால் பெயரின்மேல் ஒருமுறை துடைத்தார். பிறகு அழுத்தித் தேய்த்தார். சேந்தன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.