தற்போதைய நிலை

மைதாவைக் கல்லின் மேல் தூவி, உள்ளங்கையால் மெல்லத் தேய்த்தாள்.

எழுத்து எழுந்து வந்தது. கருங்கல்லில் வெள்ளை வெள்ளையாக, ஒவ்வொன்றாக.

"வாங்கி வச்ச மாவைக் கல்லுக்கா கொட்டுற? இதுக்குத்தான் காலேஜுக்கு அனுப்புனோமாக்கும்!" சமையற்கட்டிலிருந்து அம்மா.

அவள் முகத்தைத் திருப்பி மூச்சு விட்டாள். மூச்சு பட்டால்கூட மாவு பறந்துவிடும்.

முதலாண்டு வரலாறு. கேட்டது எதுவும் கிடைக்காமல், கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு சேர்ந்த படிப்பு. ராஜா கதையைப் படித்து என்னத்தைக் கிழிக்கப்போகிறாய் என்று சித்தப்பா கேட்டார்.

மூன்றாவது மாதம் ரெஜினா மேடம் ஆளுக்கொரு படிவம் கொடுத்தார். சொந்த ஊரில் எழுத்துள்ள பழைய கல் ஒன்றைத் தேடிப் பிடித்து, நிரப்பி வர வேண்டும். நாளை கடைசி நாள்.

ஊரெல்லாம் அலைந்தாள். கல்லோ வீட்டுக் கொல்லையில் கிடந்தது.

துவைக்கிற கல். அவள் பிறப்பதற்கு முன்பிருந்தே இந்த வீட்டு அழுக்கெல்லாம் அதன் மேல்தான் போனது. போன வாரம் குழாய் பதிக்க வந்தவர்கள் அதைப் புரட்டிப் போட்டார்கள்.

அடிப்பக்கம் மேலே வந்தது. அடிப்பக்கத்தில் எழுத்து.

புள்ளி வைக்காத எழுத்து. எழுத்துக்கூட்டித்தான் படிக்க வேண்டியிருந்தது. ஐந்தாவது வரியில் 'குளம்' என்று வந்தது. அட, நம்ம ஊர்க் குளம்! சந்தோஷத்தில் விரல் வேகமாக ஓடியது.

ஆறாவது வரியில் நின்றது.

குளத்தை வெட்டியவர்கள் கீழத்தெருக்காரர்கள். குளமும் அதன் கரையும், சூரியனும் சந்திரனும் உள்ளவரை அவர்களுக்கே.

அந்த வரியை இன்னொரு முறை படித்தாள்.

அந்தக் குளத்தை அப்பா தூர்த்துத் தென்னங்கன்று வைத்து மூன்று வருடமாகிறது. பாட்டன் பூட்டன் சொத்து என்கிறார். அப்பா பெயரிலேயே 'சேதுராசு தோப்பு' என்று சொல்ல ஊரும் பழகிவிட்டது. கீழத்தெரு மட்டும் பழகவில்லை. வழக்குப் போட்டிருக்கிறது. அவர்கள் கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

புதன்கிழமை வாய்தா.

வழக்குப் போட்டவரின் மகள் சுகிர்தா. வகுப்பில் இவள் பக்கத்தில்தான் உட்காருகிறாள். மதியம் இருவரும் சாப்பாட்டு டப்பாவை மாற்றிக்கொள்வார்கள். இது இரண்டு வீட்டுக்கும் தெரியாது.

போனை எடுத்து நாலு படம் எடுத்தாள்.

அப்புறம்தான் உறைத்தது.

முதல் வகுப்பிலேயே மேடம் சொன்ன பாடம். ஒரு சான்று கிடைத்தால், அது என்ன சொல்கிறது என்பதோடு நிற்காதீர்கள். அது இங்கே எப்படி வந்தது, யார் வைத்தார்கள் என்றும் கேளுங்கள்.

குளத்தங்கரையில் நிற்க வேண்டிய கல் இது.

எழுத்தை மண்ணுக்குள் வைத்து இங்கே கவிழ்த்தது யார்?

கல்லின் மேல் நிழல் விழுந்தது.

அப்பா. கையில் காப்பி டம்ளர். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ.

"கடைசி வரியை மட்டும் படி பாப்பா."

படித்தாள். இதற்குக் கெடுதல் செய்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான்.

வகுப்பில் இதே மாதிரி ஒரு வரி வந்தபோது, கோர்ட்டு இல்லாத காலத்தில் பசுதான் கோர்ட்டு என்றார் மேடம். எல்லாரும் சிரித்தார்கள். சுகிர்தாதான் அதிகம் சிரித்தாள்.

அப்பாவும் சிரித்தார்.

"அந்தப் பசுவுக்குப் பயந்துதான் ஒன் தாத்தா கவுத்துப் போட்டதோட விட்டாரு. ஒடைக்க மனசு வரல மனுசனுக்கு."

அப்படியானால் அப்பாவுக்கு எல்லாம் தெரியும். முதலிலிருந்தே தெரியும்.

மிச்சக் காப்பியை வாழையடியில் ஊற்றினார்.

"படம் கிடம் எடுத்தியா?"

"இல்லப்பா."

பொய் இவ்வளவு சுலபமாக வருமென்று அவள் நினைத்ததில்லை.

அப்பா அவள் தலையைத் தடவினார்.

"நல்ல புள்ள. கொஞ்சம் தள்ளி உக்காரு. சில்லு தெறிக்கும்."

சம்மட்டி எடுக்கக் கொட்டகைக்குப் போனார்.

ஓடிப்போய்க் காலைப் பிடிக்கலாம். அம்மாவைக் கூப்பிடலாம். கத்தலாம்.

தள்ளி உட்கார்ந்தாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

முதல் அடியில் மாவு புகையாக எழுந்தது. இரண்டாவது அடியில் ஐந்தாம் வரி போனது. மூன்றாவதில் கல் இரண்டாகப் பிளந்தது.

அம்மா எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மடியில் படிவம். காலையிலேயே பாதி நிரப்பி வைத்திருந்தாள்.

கண்டெடுத்தவர்: சே. நறுமுகை.

தற்போதைய நிலை: நன்றாக உள்ளது.

'நன்றாக உள்ளது' என்பதை அடித்தாள். 'உடைக்கப்பட்டது' என்று எழுதினாள். தேதி போட்டாள்.

அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி காலியாக இருந்தது.

சிதைத்தவர் பெயர் (தெரிந்தால்).

அப்பா சம்மட்டியை ஊன்றி நின்று, துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"என்ன பாப்பா எழுதுற?"

"அசைன்மென்ட்ப்பா. நாளைக்குக் குடுக்கணும்."

"எழுது, எழுது." நிஜமாகவே பெருமையாகத்தான் சொன்னார்.

'சே' என்று எழுதினாள்.

பேனா அங்கேயே நின்றது. அவள் பெயருக்கு முன்னாலும் அதே எழுத்துதான் இருந்தது.