உப்பில்லாப் பலகாரம்

அந்த எள்ளுருண்டைக்குள் என்னவோ இருக்கிறது என்று மண்டோர் நல்லசாமிக்குப் பட்டுவிட்டது. ஆட்களை வேலை வாங்கும் கங்காணி அவர்; பட்டுவிட்டால் லேசில் மாற்ற முடியாது. ரப்பர் தோட்டத்து முள்வேலி வாசலில், வேலம்மாவின் கூடையை மேசைமேல் கவிழ்த்து, உருண்டைகளை ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டிருந்தார்.

"மண்டோரய்யா, சாமிக்குப் படைக்கிறதுங்க. இப்படி ஒடைச்சுப் போட்டா நான் எதைப் படைப்பேன்?"

"ஒடைஞ்சதச் சாப்பிட மாட்டேன்னு முருகன் உங்கிட்ட சொன்னாரா?"

வேலம்மா மேசையில் சிதறிய எள்ளைக் கூட்டிச் சேர்த்தாள். விடியலில் குளித்த ஈரப்புடவை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. கந்த சஷ்டி முடியும்வரை உப்பில்லா விரதம் இருந்து, தினமும் ஈரத்துணியோடு கோயிலுக்கு நடப்பதாக வேண்டுதல். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் பாதிப் பேர் உப்பை நிறுத்தியிருந்தாலும், ஈரத்துணி வரைக்கும் போனவள் இவள் ஒருத்திதான்.

கோயில் வேலிக்கு வெளியே, காட்டை ஒட்டி இருந்தது. தொல்லையே அதுதான். வெள்ளைக்கார அரசாங்கம் அவசரகாலம் அறிவித்ததிலிருந்து, காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று ஒரு பிடி அரிசியைக்கூட வேலி தாண்ட விடுவதில்லை. உப்புக்கு அதைவிடக் கெடுபிடி. அது இல்லாமல் காட்டில் எத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடியும்? கணக்கெழுதும் கிராணி வைரவநாதன் தோட்டத்துத் துரையிடம் மன்றாடி, அரிசியும் உப்பும் சேராத விரதப் பலகாரம் மட்டும் கோயிலுக்குப் போகலாம் என்று அனுமதி வாங்கியிருந்தார்.

வேலம்மாவின் புருஷன் அர்ஜுனன் போன வருஷம் காணாமல் போனவன். வேலை தேடி சிங்கப்பூருக்குப் போயிருக்கிறான் என்று அவள் சொன்னாள். காட்டுக்குப் போய்விட்டான் என்று லயம் சொன்னது. நல்லசாமி லயத்தின் கட்சி.

போன மாதம் இந்த வாசல் வழியாக அரிசி வெளியே போய்விட்டது. பத்தாங் பெர்ஜுந்தாய் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஜீப்பில் வந்த வெள்ளைக்கார சார்ஜன், எல்லார் முன்னாலும் மண்டோரின் சட்டையைப் பிடித்துவிட்டான். இனி ஏதாவது வெளியே போனால் முதலில் உள்ளே போவது நீதான் என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றிலிருந்து மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

"இதுல அரிசி மாவு கலந்திருக்கியா?"

"ஐயோ, விரதத்துக்கு அரிசி ஆகுமாங்க? எள்ள வறுத்து, வெல்லப்பாகு காய்ச்சிப் புடிச்சேன். கடலையும் தேங்காயும்தான் சேர்மானம்."

"அந்தப் பொட்டலத்துல என்ன?"

"மரவள்ளிச் சீவலுங்க. காய வச்சுத் தேங்கா எண்ணெயில பொரிச்சேன். உப்பு சேக்கல."

நல்லசாமி பொட்டலத்தைப் பிடுங்கினார். சீவல் பொரிக்கிற எந்தப் பெண்பிள்ளைக்கு உப்புப் போடாமல் கை சும்மா இருக்கும்? படைக்காத பலகாரத்தை வாயில் வைக்கிறோமே என்று நெஞ்சு உறுத்தத்தான் செய்தது. சார்ஜனை நினைத்துக்கொண்டு மென்றார். மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் கிளறி இன்னொன்று. எல்லாமே சப்பென்று இருந்தன.

விடுவாரா? "கூடாரத்துக்குள்ள போ," என்றார்.

பெண்களைச் சோதிக்கிற மலாய்க்காரி அவளை உள்ளே கூட்டிப்போனாள். கொஞ்ச நேரத்தில், கையைச் சாரோங்கில் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள்.

"இப்ப திருப்திங்களா?" வேலம்மா பின்னாலேயே வந்து நின்றாள். "எங்க இருந்தாலும் அவரு உசுரோட இருக்கணும்னுதான் இத்தனையும் பண்றேன். நீங்க எச்சிப் பண்ணுனத எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சாமி முன்னால வைப்பேன்?"

மண்டோருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கெட்டவர் இல்லை, பயந்தவர்; அவ்வளவுதான். உடைந்த உருண்டைகளைத் தானே அள்ளிக் கூடையில் போட்டார். தன் எச்சில் பட்ட சீவலை மட்டும் சாமிக்குக் கொடுக்க மனம் வராமல் ஓரமாக வைத்துவிட்டார்.

பிறகு காவலுக்கு நின்ற கான்ஸ்டபிளைக் கூப்பிட்டார். "சஷ்டி முடியற வரைக்கும் இந்தப் பொண்ண யாரும் நிறுத்தக் கூடாது லா. சார்ஜன் கேட்டா நான் பொறுப்புன்னு சொல்லு."

வேலம்மா கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்த மண்டோர் வீட்டுப் பசு என்ன நினைத்ததோ, பின்னாலேயே போய் அவள் முந்தானையை நக்க ஆரம்பித்தது. அவள் விரட்டினாள். அது விலகவில்லை. கால் இரண்டும் நோகப் போகிறவள் மேல் வாயில்லா ஜீவனுக்கு இருக்கிற பரிவுகூட நமக்கு இல்லையே என்று நல்லசாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது.

கயிற்றோடு ஓடிவந்த அவர் மனைவி காளியம்மா பசுவை இழுத்துப் பிடித்துக் கட்டினாள். வேலம்மா அதற்குள் ரப்பர் மரங்களுக்கு நடுவே மறைந்துவிட்டாள்.

"பாத்தியா காளி, விரதத்தோட மகிமைய! கூடை நிறைய வெல்ல உருண்டை. அதத் திரும்பிக்கூடப் பாக்காம, அவ புடவையப் போய் நக்குது. தெய்வம் லா அவ. அவளப் போயி சந்தேகப்பட்டேனே!"

காளியம்மா புருஷனைப் பார்த்தாள். மரங்களுக்கு நடுவே போன பாதையைப் பார்த்தாள். கான்ஸ்டபிள் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மாடு உப்புக்குத்தாங்க அப்படி நக்கும்."