நாற்பத்திரண்டு எச்சரிக்கைகள்

திரையில், குன்னூர் இறக்கத்தின் நடுவே, ஒரு சிவப்புச் சூரியன் மிதந்துகொண்டிருந்தது.

லாரி வளைவில் வலது பக்கம் திரும்பினால் அது தேயிலைச் சரிவின் மேல் ஏறியது. இடது பக்கம் திரும்பினால் பள்ளத்துப் பனிக்குள் போய் நின்றது.

எதிரே ஏறி வந்த பேருந்து அதை நெற்றியில் வாங்கிக்கொண்டு கடந்து போனது. காட்டேரிப் பூங்கா அருகே சாலையோரம் நின்ற காட்டெருமை ஒன்று, சரியாகப் புருவ மத்தியில் அதைத் தாங்கியபடி என்னைப் பார்த்தது.

காலையிலிருந்து மூன்று முறை பார்த்துவிட்டேன். ஒரு முறை போதும். மற்ற இரண்டும் எனக்காக.

எங்களிடம் ஏழு லாரிகள். தேயிலை மூட்டைகளை மலையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறக்குகிறோம். அவற்றில் ஒன்றில் மட்டும், பரமசிவன் ஓட்டும் லாரியில், முன் கண்ணாடிக்கு உள்ளே சோதனைக்காக ஒரு கேமரா பொருத்தி ஒரு மாதம் ஆகிறது. வண்டிச் சாவியைத் திருகியதும் அது விழித்துக்கொள்ளும். சாலையைப் பார்க்கும், பேச்சையும் பிடிக்கும். அது பார்த்ததை அலுவலகத்தில் உட்கார்ந்து நான் பார்ப்பேன்.

ஆயுத பூஜைக்கு லீவு போட்டு ஊருக்கு, பிக்கட்டிக்கு, போயிருந்தேன். இன்றுதான் வந்தேன்.

நேற்று, பூஜைக்கு மறுநாள், பரமசிவன் போன ஒரே நடையில் நாற்பத்திரண்டு எச்சரிக்கைகள் வந்திருந்தன. எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: கேமரா மறைக்கப்பட்டுள்ளது.

நாற்பத்திரண்டும் முதலாளி பாலசுப்பிரமணியத்தின் போனுக்கும் போயிருந்தன.

கேமராவில் கை வைக்கிற டிரைவர் வண்டியை விட்டுவிட்டுப் போகலாம் என்பது அதைப் பொருத்திய அன்றே அவர் போட்ட சட்டம். பரமசிவன் பதினோரு வருடமாக அந்த ஒரே லாரியைத்தான் ஓட்டுகிறார். இப்போது முதலாளியின் மேசை முன்னால் நின்றிருந்தார். மூட்டை ஏற்றிய லாரி வாசலில் நின்றது.

"ஏம்ப்பா, கேமராவுக்குப் போர்வையப் போத்திப்போட்டு எங்க படுத்துத் தூங்குன? பர்லியார்லயா, கல்லாறுலயா?"

"தூங்கலீங்க மொதலாளி."

"அப்ப நாப்பத்திரண்டு தடவையும் மேகம் வந்து மூடுச்சாக்கும்?"

பரமசிவன் தன் செருப்பைப் பார்த்தார். அவரிடம் சொல்ல ஏதோ இருந்தது. அதை அவர் சொல்லப்போவதில்லை என்பதும் தெரிந்தது.

முதலாளி எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். "போடும்மா மோனிகா, இவன் வண்டவாளத்தப் பாக்கலாம்."

போட்டேன்.

இருட்டைத்தான் எதிர்பார்த்திருப்பார். சூரியன் வந்தது. பேருந்து வந்தது. காட்டெருமை வந்ததும் சற்று முன்னால் குனிந்தார்.

"என்னம்மா இது?"

"குங்குமங்க சார். கேமரா கண்ணு மேலயே பொட்டு வெச்சிருக்குது."

"ஸ்டீரிங்குக்கு வெப்பாங்க, சக்கரத்துக்கு வெப்பாங்க. கண்ணுலயா வெப்பாங்க?" அவர் திரும்பினார். "சரி, நீ தொடச்சு உட்டிருக்கலாமல்லப்பா?"

"கேமராவத் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்கறீங்க. அதுமில்லாம..." பரமசிவன் கொஞ்சம் தயங்கினார். "சாமி பொட்டுங்க. எப்படிங்க தொடைக்கறது?"

முதலாளியின் மீசைக்குக் கீழே சிரிப்பு வரப் பார்த்தது. அதை உள்ளே தள்ளிவிட்டு முகத்தை இறுக்கிக்கொண்டார்.

"மறைச்சது மறைச்சதுதான். பொட்டு வெச்சவன் எவனோ அவன் வண்டிய உட்டு எறங்கோணும். நீதான வெச்ச?"

பரமசிவன் இல்லை என்று சொல்லவில்லை.

 நான் பூஜை அன்றைய பதிவைத் திறந்து, ஒலியைக் கூட்டினேன்.

எங்கள் அலுவலக வாசல். தரையில் உடைந்த பூசணிக்காய். கிளப்பி நிறுத்திய என்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கும் கேமராவுக்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தது, திரை முழுக்க அந்த விரல். அது விலகியபோது திரை நடுவே அந்தச் சிவப்புச் சூரியன் இருந்தது.

"புதுசா வந்திருக்கற கண்ணு. இதுக்கொண்ணு வெக்கலீன்னா எப்படி?"

அந்தக் குரல் எங்கள் மூவருக்கும் நன்றாகத் தெரியும். நாள் முழுக்க இந்த அலுவலகத்தில் அதிகம் கேட்கிற குரல் அதுதான்.

ஏழு வண்டிக்கும் பொட்டு வைத்த அவசரத்தில் இதை மறந்தேபோயிருந்த பாலசுப்பிரமணியம் இருமினார். ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். மலை அங்கேயேதான் இருந்தது.

"துணியில தொடைக்காதப்பா," என்றார் கடைசியில். "வெரல்ல எடுத்து நெத்தில வெச்சுட்டுக் கெளம்பு. லோடு நிக்குதல்ல."

பரமசிவன் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். லாரி கிளம்பி, முதல் திருப்பத்தில் ஹாரன் அடித்து, சத்தம் தேய்ந்து போயிற்று.

முதலாளி இன்னும் என் பின்னால்தான் நின்றிருந்தார். நான் நிறுத்த மறந்த பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. சிவப்புக்குப் பின்னாலிருந்து அதே குரல், யாருக்கும் கேட்காது என்று நினைத்துப் பேசுகிறவரின் தணிந்த குரலில், தொடர்ந்தது.

"முருகா, இந்த எறக்கத்துல இவன் கண்ணு அசந்தாலும் நீ அசந்தராத. எம்பட பரமசிவன முழுசா ஊடு கொண்டாந்து சேர்த்திரு."

டிரைவர் இருக்கையிலிருந்து பதில் வந்தது.

"செரிங்க மொதலாளி."